கேட்டீர்கள், சொல்கிறேன்: வளாகத்தில் உலகப் படங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் பட விழாவைப் பற்றியும் பல்கலைக்கழக வளாகங்களில் நடக்கிற கலை நிகழ்ச்சிகளைப் பற்றியும்தான். ஜூலை வந்தால் இப்படித்தான். அதனால் ஜாதகப் பொருத்தம், கறிவேப்பிலைச் செடி, பென்ஷன் கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் அம்மா: மகன் முதலாம் ஆண்டு படிக்கிறான். "காலேஜில் ஃபிலிம் ஃபெஸ்டிவல்" என்று சொல்லிவிட்டு இரவு பத்து மணிக்கு மேல்தான் வீட்டுக்கு வருகிறான். உண்மையிலேயே அப்படி ஒன்று நடக்கிறதா? நடந்தால் எங்களைப் போன்றவர்களும் போகலாமா?

நடக்கிறது அம்மா, பையன் பொய் சொல்லவில்லை. (பத்து மணிக்கு வந்தால் படம் பார்த்துவிட்டு வருகிறான். ஒரு மணிக்கு வந்தால் அது வேறு கதை, அதற்கு நான் பொறுப்பில்லை.) டர்பன் சர்வதேசப் பட விழா 1979-ல் தொடங்கியது. இதை நடத்துவது குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் படைப்புக் கலை மையம். பல வருடங்களாக விழாவின் முக்கியமான அரங்குகளில் ஒன்று ஹோவர்ட் காலேஜ் வளாகத்தில் இருக்கிற எலிசபெத் ஸ்னெடன் தியேட்டர். அந்தப் பல்கலைக்கழகத்தில் பேச்சு-நாடகத் துறையைத் தொடங்கிய பேராசிரியரின் பெயர் அது. மாணவர்களுக்கு மட்டும் என்று எந்தக் கட்டுப்பாடும் கிடையாது, டிக்கெட் எடுத்தால் யாரும் போகலாம். சில காட்சிகள் இலவசம். வளாகத்தோடு நிற்காமல் கடற்கரைப் பக்கத்துத் திரையரங்குகள், குவாமாஷு போன்ற டவுன்ஷிப்கள் (நிறவெறிக் காலத்தில் கறுப்பின மக்களுக்கென்று ஒதுக்கிய குடியிருப்புகள்) என்றும் படங்கள் போகும். இடங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் அந்த வருட அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், போன வருடம் இங்கேதானே நடந்தது என்று போய் நிற்காதீர்கள்.

ஒன்று சொல்கிறேன். மகனைக் கேள்வி கேட்பதை விட்டுவிட்டு ஒரு நாள் அவனோடு நீங்களும் போய் வாருங்கள். வாசலில் செக்யூரிட்டிக்காரர் அடையாள அட்டை கேட்பார், அதை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். வளாகம் இருக்கிற மலை மேல் காற்று கொஞ்சம் குளிரும், ஒரு சால்வை இருந்தால் நல்லது.

ஃபீனிக்ஸிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்: எங்கள் காலத்தில் பயாஸ்கோப் என்றால் கிரே தெரு. அவலான், ஷாஜகான், ராஜ் என்று வரிசையாக இருந்தன. குடும்பத்தோடு போவோம். படம் காட்டுவது பல்கலைக்கழகத்தின் வேலையாக எப்போது ஆனது?

ஐயா, நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். அவலான் 1939-ல் திறந்தது. விக்டோரியா தெருவிலும் கிரே தெருவைச் சுற்றியும் இருந்த அந்த அரங்குகள்தான் நம் ஆட்களுக்குக் கோயிலுக்கு அடுத்தபடியான இடம். இந்தத் தெருக்களுக்கு இப்போது வேறு பெயர், பெர்த்தா ம்கீஸே தெரு, டாக்டர் யூசுஃப் தாதூ தெரு. ஆனால் பஸ்ஸில் யாரும் அப்படிச் சொல்லி இறங்கிப் பார்த்ததில்லை. 1946-ல் இந்திய அரசு தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை நிறுத்தியது, அதற்கப்புறமும் இந்தியப் படங்கள் எப்படியோ வந்து சேர்ந்து ஓடிக்கொண்டுதான் இருந்தன. நகரத்தின் மற்றப் பெரிய அரங்குகளில் நம்மை உட்கார விடமாட்டார்கள், அதனால் நமக்கென்று கட்டிக்கொண்ட அரங்குகள் அவை. பிறகு இனத்துக்கு ஒரு பகுதி என்று பிரித்து வைத்த குடியிருப்புப் பகுதிச் சட்டம் வந்து ஆட்களை ஊருக்கு வெளியே தூக்கிப் போட்டது. சாட்ஸ்வொர்த், அப்புறம் உங்கள் ஃபீனிக்ஸ். அங்கிருந்து இரவுக் காட்சிக்குக் கிரே தெரு வரை யார் வருவார்? இந்த நாட்டில் தொலைக்காட்சியே 1976-ல்தான் வந்தது, கொஞ்ச நாளில் வீடியோவும் வந்தது. கூட்டம் கரைந்தது.

பல்கலைக்கழகத்தில் விழா தொடங்கிய வருடத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள். தொலைக்காட்சி வந்து மூன்றே வருடம். நிறவெறி ஆட்சி உச்சத்தில் இருந்த நேரம். 1974-ன் வெளியீடுகள் சட்டம் என்று ஒன்று இருந்தது, எந்தப் படத்தை யார் பார்க்கலாம் என்று அரசாங்கக் குழு ஒன்று உட்கார்ந்து முடிவு செய்யும். வெளியே எந்தத் திரையரங்கும் தொடத் தயங்கிய படத்தைப் பல்கலைக்கழகம் என்ற பெயருக்குள் காட்ட ஓரளவு இடம் இருந்தது. இந்த விழா வளாகத்தில் வேர்விட்டதற்கு அதுதான் பெரிய காரணம் என்பது என் கருத்து.

ஆனால் அந்த வளாகமும் நமக்கு அன்றைக்கு எளிதில் திறந்த கதவாக இருக்கவில்லை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தியர்களுக்கென்று தனிக் கல்லூரி என்று 1961-ல் துறைமுகத்துக்குள் இருக்கிற சாலிஸ்பரி தீவில் ஆரம்பித்தார்கள், பழைய கடற்படைக் கட்டடங்களில். பிள்ளைகள் படகில் போய்ப் படித்தார்கள். 1972-ல் அது வெஸ்ட்வில் மலைக்கு மாறியது. 2004-ல்தான் அந்த டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமும், ஹோவர்ட் காலேஜ் வளாகம் இருந்த நட்டால் பல்கலைக்கழகமும் ஒன்றாகி இப்போதைய குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகம் ஆனது. ஹோவர்ட் காலேஜ் மலையின் ஒரு பக்கச் சரிவில் இறங்கினால் கேட்டோ மேனர், நம் குடும்பங்கள் வாழைத் தோட்டமும் தகர வீடும் கோயிலுமாக இருந்து, பிறகு துரத்தப்பட்ட இடம். ரோனி கோவிந்தர் கதைகளாக எழுதினாரே, அதே கேட்டோ மேனர். ஸ்னெடன் அரங்குக்குப் போகிற நம் ஆட்கள் பாதிப் பேருக்கு அந்தச் சரிவில் ஒரு பாட்டி வீடு இருந்திருக்கும். எனவே "அது அவர்கள் இடம்" என்று நினைத்து ஒதுங்கியிருக்காதீர்கள் ஐயா. உங்கள் பழைய மாணவர்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் உட்காருங்கள்.

ஐசிபிங்கோவிலிருந்து ஒருவர்: போன வருடம் ஒரு படம் பார்த்தேன். ஒரு மனுஷன் இருபது நிமிடம் ஆடு மேய்க்கிறான். வேறு எதுவும் நடக்கவில்லை. எனக்குத்தான் புரியவில்லையா?

ஆடுகள் நன்றாக இருந்தனவா? இருந்தால் உட்காருங்கள். இல்லாவிட்டால் சத்தமில்லாமல் எழுந்து வந்துவிடுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். விழாக்களில் பாதியில் வெளியேறுவது சர்வ சாதாரணம். பக்கத்து இருக்கைக்காரரிடம் "இப்போ என்ன நடக்குது?" என்று கேட்பதுதான் தப்பு.

வெஸ்ட்வில் வளாகத்திலிருந்து ஒரு மாணவி: எங்கள் தமிழ் மாணவர் சங்கம் இந்த வருடம் ஒரு "உலகத் தமிழ்ப் பட நாள்" நடத்த நினைக்கிறது. டிவிடி இருக்கிறது, ஓடிடி கணக்கும் இருக்கிறது, ஒரு விரிவுரை அரங்கு கிடைக்கும். இது போதுமா? முன்னாள் தலைவர் ஒருவர் குத்துவிளக்கு, வரவேற்புரை, சிறப்பு விருந்தினர் மூன்று பேர் கட்டாயம் என்கிறார்.

தங்கச்சி, முதலில் அந்த டிவிடியை உள்ளே வை. கடையில் வாங்கிய டிவிடியும் மாதச் சந்தா கட்டுகிற ஓடிடி கணக்கும் வீட்டில் பார்க்கத்தான். ஓர் அரங்கில் ஆட்களைக் கூட்டிக் காட்டினால், நுழைவு இலவசமாகவே இருந்தாலும், அது பொதுக் காட்சி. அதற்குப் படத்தின் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவரிடம் அனுமதி வாங்க வேண்டும். இங்கே 1978-ன் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. அது தவிர, காலேஜ் பெயரில் நடத்துகிறபோது உங்களால் பல்கலைக்கழகத்துக்கும் தலைவலி வரும். நெட்ஃபிளிக்ஸ் போன்ற நிறுவனங்கள் தங்கள் ஆவணப்படங்கள் சிலவற்றை மட்டும் கல்வி நிலையங்களில் காட்ட விடுகின்றன, கதைப் படங்களுக்கு அந்தச் சலுகையை எதிர்பார்க்காதே. தயாரிப்பாளருக்கோ விநியோகஸ்தருக்கோ ஒரு மின்னஞ்சல் போடு: யார் நீங்கள், எத்தனை இருக்கைகள், கட்டணம் உண்டா, எந்தத் தேதி. சின்னப் படம் எடுத்தவர்கள் பெரும்பாலும் பதில் போடுவார்கள். மாணவர் சங்கம் என்றால் தொகையைக் குறைப்பார்கள், சில சமயம் வேண்டாம் என்றே விட்டுவிடுவார்கள். பெரிய ஹீரோ படம் எடுத்தவர்கள் பதிலே போட மாட்டார்கள். இதிலேயே எந்தப் படம் காட்டுவது என்ற சண்டை பாதி தீர்ந்துவிடும்.

அடுத்தது, படம் எந்த வடிவத்தில் வரும் என்று கேள். பெரிய அரங்குகளில் டிசிபி என்கிற கோப்புத் தொகுப்பாக ஓட்டுவார்கள். அதைப் பூட்டி அனுப்பினால் தனியாக ஒரு சாவிக் கோப்பும் வரும், அது குறிப்பிட்ட புரொஜெக்டருக்கு மட்டும், குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் வேலை செய்யும். காட்சி ஆறு மணிக்கு என்று சொல்லிச் சாவி வாங்கிவிட்டு, விருந்தினர் வரவில்லை என்று ஒன்பது மணி வரை இழுத்தால் சாவி செத்துப்போய்விடலாம். உங்கள் விரிவுரை அரங்கில் அநேகமாக டிசிபி ஓடாது, மடிக்கணினியிலிருந்து ஓட்டுகிற மாதிரி சாதாரண வீடியோ கோப்பாகவே கேட்டு வாங்கு. முந்தின நாளே அதே அரங்கில், அதே கணினியில், அதே ஒலிபெருக்கியில் கடைசி வரை ஓட்டிப் பார். முதல் ஐந்து நிமிடம் ஓடியதும் "சரி, வேலை செய்யுது" என்று எழுந்து போகிற பழக்கம் நம்மிடம் உண்டு.

மூன்றாவது, சான்றிதழ். இந்த நாட்டில் பொதுவில் காட்டுகிற படத்துக்குத் திரைப்பட மற்றும் வெளியீட்டு வாரியத்தின் வயது வகைப்பாடு தேவை. விழாக்கள் விலக்கு கேட்டு விண்ணப்பிக்கின்றன. மாணவர் நலப் பிரிவில் போய் இதற்கு என்ன நடைமுறை என்று முன்கூட்டியே கேட்டுவிடு, போஸ்டர் ஒட்டிய பிறகு கேட்காதே.

இப்போது எனக்கு மனசுக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன், சப்டைட்டில். இதில்தான் நம் காட்சிகள் எல்லாம் தோற்றுப்போகின்றன. நீங்கள் காட்டப் போகிற அரங்கில் சூலு பேசுகிறவர்கள் இருப்பார்கள், ஆங்கிலம் மட்டும் தெரிந்த நம் வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள், தமிழ் கேட்டால் பாதி புரிகிற அத்தைகள் இருப்பார்கள். இவர்கள் எல்லோரையும் ஒரே படத்துக்குள் உட்கார வைப்பது அந்த இரண்டு வரிதான். வரிக்கு நாற்பது எழுத்துக்கு மேல் போகாமல், இரண்டு வரிக்கு மேல் ஏறாமல், வாசித்து முடிக்கிற வரை நிற்கிற மாதிரி இருக்க வேண்டும். வெள்ளை எழுத்தை ஓரக் கறுப்பு இல்லாமல் போட்டுவிட்டு, பஞ்சாயத்துக் காட்சியில் இருபது பேர் வெள்ளை வேட்டியோடு நின்றால் என்னத்தைப் படிப்பது? அந்த மாதிரி ஒரு காட்சியில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தீர்ப்பு என்ன என்று கடைசி வரை யாருக்கும் தெரியாமலே முன்வரிசை கைதட்டியது. நல்ல சப்டைட்டில் போட்ட இன்னொரு காட்சியில் எனக்குப் பக்கத்தில் ஒரு சூலுப் பெண். மாமியார் வாயைத் திறக்கும் முன்பே வசனத்தைப் படித்துவிட்டு ஒரு நொடி முந்திச் சிரித்துக்கொண்டே இருந்தாள், தமிழ் தெரிந்த நாங்கள்தான் அவளுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தோம். முடிந்தால் சூலு மொழியிலும் ஒரு சப்டைட்டில் கோப்பு தயார் செய்யுங்கள். மொழித் துறையில் படிக்கிற தோழி ஒருத்தி கிடைக்காமலா போவாள்? உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள், அவ்வளவுதான்.

குத்துவிளக்கு விஷயம். ஏற்றுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அரங்குக்குள் ஏற்றுவதற்கு முன் புகை உணரி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சிறப்பு விருந்தினர் மூன்று பேர் தலா பதினைந்து நிமிடம் பேசி, நன்றியுரையில் சங்கத்தின் நாலு தலைமுறைப் பெயரையும் வாசித்து முடித்தால் படம் தொடங்கும்போது அரங்கில் பாதி காலி, மீதி பசியில் இருக்கும். முன்னாள் தலைவரிடம் மரியாதையாகச் சொல்லு: "ஐயா, பேச்சு படம் முடிந்த பிறகு." படம் பார்த்தவர்கள் பேச ஆசைப்படுவார்கள், அந்த இருபது நிமிடத்தைப் பார்வையாளர்களுக்குக் கொடுங்கள். படம் எடுத்தவரை வீடியோ அழைப்பில் கொண்டுவர முடிந்தால் கொண்டுவாருங்கள். சென்னை நேரம் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால், இங்கே எட்டு என்றால் அங்கே பதினொன்றரை, பாவம் அந்த மனுஷனையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு வாசகர்: அப்படியானால் எந்தத் தமிழ்ப் படம் காட்டலாம்? உலக அரங்கில் நம் படத்துக்கு மதிப்பு உண்டா?

உண்டு. 2021-ல் ராட்டர்டாம் விழாவின் முதல் பரிசான டைகர் விருதை வாங்கியது பி. எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்'. ஒரு அப்பன், ஒரு பையன், வெயில், நடை. ஒன்றேகால் மணி நேரம்தான், வசனம் குறைவு, அதனால் மொழி தெரியாதவர்களுக்கும் தடை இல்லை. மாணவர் கூட்டத்துக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். சின்னப் பிள்ளைகளும் வருவார்கள் என்றால் 'காக்கா முட்டை', அது 2014-ல் டொராண்டோ விழாவில் முதல் காட்சி கண்ட படம். பீட்சா சாப்பிட ஆசைப்படுகிற இரண்டு பையன்களின் கதை எந்த ஊர் டவுன்ஷிப்பிலும் புரியும்.

மூன்றாவது கொஞ்சம் வேறு. 2015-ல் கான் விழாவின் முதல் பரிசான தங்கப் பனை வாங்கிய 'தீபன்' பிரெஞ்சுக்காரர் ஜாக் ஓடியார் எடுத்தது, ஆனால் படத்தில் பேசுவது பெரும்பாலும் தமிழ். முக்கியப் பாத்திரத்தில் நடித்தவர் ஷோபாசக்தி என்ற பெயரில் எழுதுகிற ஈழத் தமிழர். சண்டையும் ரத்தமும் இருக்கிறது, குழந்தைகளுக்கு ஆகாது. கோடம்பாக்கத்தில் எடுத்தால்தான் தமிழ்ப் படம் என்று சொல்கிறவர்களுக்கு இதைப் போட்டுக் காட்டலாம். நம் ஊரிலேயே ஜெயன் மூட்லி 2017-ல் 'கீப்பிங் அப் வித் த காண்டசாமீஸ்' எடுத்தார், சாட்ஸ்வொர்த்தில் நடக்கிற கதை, பேசுவது ஆங்கிலம், சண்டை போடுவது சுத்தத் தமிழ்க் குடும்பம். ஜனங்கள் குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்தார்கள். இரண்டையும் ஒரே நாளில் அடுத்தடுத்துக் காட்டி, எது தமிழ்ப் படம் என்று பிள்ளைகளை விவாதிக்க விட்டால் எனக்கும் சொல்லி அனுப்புங்கள், வருகிறேன்.

லெனேசியாவிலிருந்து ஒரு தம்பி: டர்பன் விழாவில் ஒரு முறை தொடக்கப் படத்தையே நிறுத்திவிட்டார்கள் என்று எங்கள் விரிவுரையாளர் சொன்னார். உண்மையா?

உண்மைதான். 2013 ஜூலை 18. ஜாமில் குபேக்காவின் 'ஆஃப் குட் ரிப்போர்ட்' தொடக்கப் படம். ஒரு பள்ளி ஆசிரியர் தன் மாணவி மேல் வெறிகொண்டு அலைகிற கதை. திரைப்பட மற்றும் வெளியீட்டு வாரியம் படத்தை முழுக்கப் பார்க்காமல் பாதி வழியிலேயே நிறுத்தி, குழந்தை ஆபாசம் என்று சொல்லிச் சான்றிதழ் மறுத்துவிட்டது. மாணவியாக நடித்தவர் இருபது வயதைத் தாண்டியவர். கூட்டம் உட்கார்ந்திருக்கிறது, விளக்கு அணைகிறது, திரையில் வருவது படத்துக்குப் பதிலாக ஓர் அறிவிப்பு: இதைக் காட்டினால் குற்றம், காட்ட முடியவில்லை என்று. இயக்குநர் தன் வாயில் டேப்பை ஒட்டிக்கொண்டு நின்றார். மேல்முறையீட்டுக் குழு விழா முடிவதற்குள்ளேயே தடையை நீக்கி 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று அனுமதித்தது, கடைசி நாள் படம் காட்டப்பட்டது. நிறவெறிக் காலச் சட்டம் போய் 1996-ன் சட்டம் வந்த பிறகு நடந்தது இது. அந்தக் கதை பிடிக்காமல் போகலாம், எனக்கே சில இடங்களில் நெளிவுதான். ஆனால் பார்க்காமல் தீர்ப்பு எழுதுகிற பழக்கத்தை நம் கோயில் கமிட்டிகளிலேயே பார்த்திருப்பதால் வாரியத்தின் மேல் எனக்குப் பெரிய ஆச்சரியம் வரவில்லை.

டோங்காட்டிலிருந்து ஓர் அப்பா: மகள் பத்து வருடமாகப் பரதம் கற்கிறாள். அவள் காலேஜில் "பன்னாட்டு மாலை" என்று வைத்து ஏழு நிமிடம் ஆடச் சொல்கிறார்கள். சாப்பாட்டு நேரத்தில். ஆட விடலாமா?

ஏழு நிமிடம் பிரச்சினை இல்லை, சாப்பாட்டு நேரம்தான் பிரச்சினை. இந்தப் பன்னாட்டு மாலைகள் எல்லாம் ஒரே அச்சு: ஒரு மேசையில் சமூசா, ஒரு மேசையில் பன்னி சௌ, பக்கத்தில் கொரியா, காங்கோ, அப்புறம் கொடி வரிசை. நடுவில் ஒரு பெண் பட்டுடுத்தி ஆடிக்கொண்டிருப்பாள், கையில் தட்டோடு ஆட்கள் அவளைக் கடந்து சட்னி எடுக்கப் போவார்கள். நம் தாத்தாக்கள் கரும்புத் தோட்ட லைன் வீடுகளுக்கு முன்னால் விடிய விடியத் தெருக்கூத்து ஆடியவர்கள், இங்கே அதற்கு சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று பெயர். அதைப் பார்க்க வந்தவர்கள் பாய் விரித்து உட்கார்ந்து பார்த்தார்கள்.

மகளிடம் இதைச் சொல்லுங்கள். வர்ணத்தை ஏழு நிமிடத்துக்கு வெட்டாதே, அது முப்பது நாற்பது நிமிடத்து உருப்படி, வெட்டினால் தலையும் இருக்காது காலும் இருக்காது. தில்லானா எடு, ஏழு நிமிடத்தில் முழுசாக நிற்கும். சிமெண்ட்டுத் தரையில் ஆடாதே, முழங்காலுக்கு நல்லதில்லை, மரப் பலகை போட்டுத் தரச் சொல். கைபேசியை ஒலிபெருக்கியில் சொருகிப் பாட்டு ஓட்டினால் சலங்கைச் சத்தம் காணாமல் போய்விடும், காலடிக்குப் பக்கத்தில் ஒரு மைக் கேள். சாப்பாட்டுக்கு முன்னால் நேரம் கேள். இவ்வளவும் கேட்டால் "ரொம்ப அலட்டுகிறாள்" என்று சொல்வார்கள், சொல்லட்டும், கேட்டால்தான் கிடைக்கும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. அதே படைப்புக் கலை மையம் ஜொம்பா என்ற தற்கால நடன விழாவை 1998 முதல் நடத்தி வருகிறது. கவிதைக்கு போயட்ரி ஆஃப்ரிக்கா, எழுத்தாளர்களுக்கு டைம் ஆஃப் த ரைட்டர் என்று இன்னும் இரண்டு விழாக்கள் உண்டு. ஜொம்பாவில் ஆட்டத்தை ஆட்டமாக மட்டும் உட்கார்ந்து பார்க்கிறார்கள், வெளிச்சமும் தரையும் சரியாக இருக்கும். மரபுப் பரதத்தை அப்படியே கொண்டுபோய் வைக்கிற மேடை அது இல்லைதான், ஆனால் பரதமும் சூலு ஆட்டமும் சேர்ந்து ஆடுவது டர்பனுக்குப் புதுசில்லையே. சூரியா கோவிந்தரின் சூரியலங்கா குழு எத்தனையோ வருடம் முன்பே செய்துகாட்டியது. மகளை முதலில் பார்வையாளராகக் கூட்டிப்போங்கள்.

ஷால்க்ராஸிலிருந்து ஒரு தம்பி: போனில் ஒரு குறும்படம் எடுத்திருக்கிறேன். விழாவுக்கு அனுப்பலாமா? எங்கள் வீட்டில் "படத்தில் சோறு கிடைக்காது" என்கிறார்கள்.

போனில் எடுத்ததை யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள், சத்தம் கரகரத்தால்தான் தூக்கிப் போடுவார்கள். தனி மைக் வைத்து எடுத்திருக்கிறாயா? இல்லையென்றால் ஒலியை மட்டும் மறுபடி சரிசெய். நீளத்தைக் குறை. ஆஸ்கார் கணக்கில் 40 நிமிடத்துக்குள் இருந்தால் குறும்படம், ஆனால் தேர்வுக் குழுவில் உட்கார்ந்து வரிசையாகப் பார்ப்பவருக்கு உன்னுடைய முதல் இரண்டு நிமிடம்தான் முக்கியம். டிரோனில் எடுத்த கடற்கரையில் ஆரம்பிக்காதே, எல்லோரும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். சமர்ப்பிப்பது பெரும்பாலும் இணையம் வழியாகத்தான், முன்கூட்டி அனுப்பினால் கட்டணம் குறையும். அதுவரை யூடியூபில் ஏற்றாதே, வெளியில் வந்துவிட்டதைச் சில விழாக்கள் எடுப்பதில்லை. இளம் படைப்பாளிகளுக்கு பெர்லின் விழாவோடு சேர்ந்து நடத்துகிற டேலண்ட்ஸ் டர்பன் என்ற பயிற்சி 2008 முதல் இருக்கிறது. படத்துக்குப் பணம் தேடுகிறவர்களுக்கு 2010-ல் தொடங்கிய டர்பன் ஃபிலிம்மார்ட். இரண்டும் ஆப்பிரிக்கா முழுக்க இருந்து ஆள் வருகிற இடம், நீ பக்கத்திலேயே இருந்துகொண்டு போகாமல் இருந்தால் எப்படி?

வீட்டில் கேட்டால் அனந்த் சிங் பெயரைச் சொல். டர்பன்-வெஸ்ட்வில்லில் படித்துக்கொண்டிருந்தவர், 18 வயதில் படிப்பை விட்டுவிட்டு 16 மி.மீ. படச் சுருள் வாடகைக் கடை ஒன்றை வாங்கினார். பின்னால் அவர் தயாரித்த 'யெஸ்டர்டே' சூலு மொழிப் படம், ஆஸ்காரில் பிறமொழிப் படப் பிரிவுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. "படிப்பை விட்டுவிட்டு" என்ற பகுதியை மட்டும் அம்மாவிடம் சொல்லாதே. நீ முடித்துவிடு.

ஓவர்போர்ட்டிலிருந்து ஒரு பெரியவர்: பேரப் பிள்ளைகளுக்குத் தமிழில் பெயர் எழுதத் தெரியாது. மொழியே போய்க்கொண்டிருக்கும்போது படம், நடனம், பன்னாட்டு விழா எல்லாம் வெறும் ஆடம்பரம் இல்லையா?

ஐயா, உங்கள் கவலை நியாயம். 1860 நவம்பரில் டுரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து இறங்கியவர்களின் வாரிசுகள் நாம், இன்றைக்கு வீட்டுக்குள் தமிழ் பேசுகிற குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. காவடிக்கும் தீமிதிக்கும் ஆயிரக்கணக்கில் வருகிறவர்களில் பாட்டைப் புரிந்து பாடுகிறவர்கள் எத்தனை பேர்? நாட்டின் அரசியலமைப்பு ஆறாவது பிரிவில் ஜெர்மன், கிரேக்கம், குஜராத்தி, இந்தி, போர்ச்சுகீஸ், தெலுங்கு, உருதுவோடு தமிழையும் பெயர் சொல்லிக் குறித்து, இவற்றை மேம்படுத்தி மதிப்பை உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. தாளில் இருக்கிறது. அதைக் காட்டிப் பல்கலைக்கழகத்திடம் ஒரு தமிழ் வகுப்பைக் கேட்கிற சங்கம் எத்தனை?

ஆனால் படத்தை ஆடம்பரம் என்று தள்ளாதீர்கள். பேரன் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வராமல் ஓடுகிறான், கொரிய நாடகம் பார்த்து நாலு கொரிய வார்த்தை சரளமாகப் பேசுகிறான். அவனுக்குக் காது இருக்கிறது, ஆசையும் இருக்கிறது. யாரும் கட்டாயப்படுத்தாமல், தன் வயசுப் பிள்ளைகள் நூறு பேர் நடுவில், தன் பாட்டி பேசிய மொழி பெரிய திரையில் கேட்கிறது, அதை மற்ற இனத்துப் பிள்ளைகள் மரியாதையோடு வாசித்து ரசிக்கிறார்கள் என்றால் அவன் அதை வேறு கண்ணோடு பார்ப்பான். எழுத்துக் கற்றுக்கொள்வானா என்பது அடுத்த கேள்வி, அதற்கு வகுப்பும் வாத்தியாரும் வேண்டும், படம் அதைச் செய்யாது. அந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் நம் விழாக்களில் படத்துக்கு நடுவில் திருக்குறள் போட்டி வைக்கிறார்கள்.

மெர்பேங்கிலிருந்து இருவர், கையெழுத்தைப் பார்த்தால் கணவன் மனைவி: படம் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து வந்தால் உள்ளே விடுவார்களா? வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுபோகலாமா?

வணிகத் திரையரங்கு போல முன்னால் இருபது நிமிடம் விளம்பரம் ஓடாது, ஆறு மணி என்றால் ஆறு மணிக்குப் படம் வந்துவிடும். பெரும்பாலும் விடுவார்கள், ஆனால் நாடக அரங்குகளில் இருட்டில் படி தேடி இறங்க வேண்டும், அதனால் ஓரத்து இருக்கையாகப் பார்த்து எடுங்கள். கார் நிறுத்த இடம் பிடிக்கவே கால் மணி நேரம் ஆகும், அதையும் கணக்கில் வையுங்கள். சாப்பாடு உள்ளே கூடாது. மீன் கறி வாசம் உங்களுக்கு வேண்டுமானால் பிடிக்கும். படம் முடிந்து காரில் வைத்துச் சாப்பிடுங்கள், எனக்கும் ஒரு பொட்டலம் கட்டினால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.